பட்டம் கடல் கடக்குமா?

— 12-ஆம் வகுப்பு மாணவியர்

எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் பத்துப் பேராவது "நர்ஸ்" என்போம். அவர்களிலும் பாதிப்பேர் "வெளிநாட்டில்" என்று சேர்த்துக்கொள்வோம். அங்கே போனதும் வெள்ளுடை அணிந்து வார்டுக்குள் நுழைந்துவிடலாம் என்பதே எங்கள் எண்ணமாக இருந்தது.

சென்ற விடுமுறையில் பள்ளியைக் காண வந்த பழைய மாணவி ஒருவர் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டார். நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்தாண்டு பணியாற்றிய பின் ஜெர்மனி சென்றவர் அவர். அங்கீகாரம் கிடைக்கும்வரை அங்கே அவர் உதவியாளர் மட்டுமே. நோயாளியைக் குளிப்பாட்டலாம், உணவூட்டலாம். ஊசி போடக் கூடாது. "கை தானாக நீளும், இழுத்துக்கொள்வேன்" என்று அந்த அக்கா சொன்னபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை.

ஜெர்மனியில் இதற்கென 2012-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் அங்குள்ள 16 மாநிலங்களும் தத்தம் அலுவலகம் வழியாகவே முடிவு செய்கின்றன. நம் பாடத்திட்டத்தின் மணிக்கணக்கைத் தங்களுடையதோடு ஒப்பிட்டு, குறை கண்டால் பயிற்சிக் காலம் அல்லது தேர்வு என்கிறார்கள். ஜெர்மன் மொழியும் 'பி2' நிலைவரை தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் வழி வேறு. ஆங்கிலத் தேர்வும் கணினித் தேர்வும் நம் நாட்டிலேயே எழுதலாம். பிறகு அங்கே சென்று, பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வில் தேற வேண்டும்.

1909-லேயே வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி கண்டு, 1946-இல் பட்டப் படிப்பும் தந்த நாட்டுப் பெண்களுக்கு இன்னொரு தேர்வா என்று சிலர் கொதிப்பதைக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் பாட்டிக்கு மருந்து கொடுக்க வருபவள் பாட்டியின் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க மாட்டோமா? தேர்வு வைக்கட்டும். ஆனால் கோப்பை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு, தேர்ந்த கைகளை உதவியாளர் சம்பளத்துக்கு வேலை வாங்குவது நியாயமே அல்ல. எந்த நாளுக்குள் முடிவு வரும், அதுவரை என்ன சம்பளம் என்பதை விமானம் ஏறுமுன்னே எழுத்தில் தர வேண்டும். செவிலியர் இல்லை என்று கூவி அழைக்கிறவர்களுக்கு இது பெரிய காரியமா?

பழியை முழுவதும் அயலார் மேல் போட்டுவிடவும் முடியாது. அந்த அக்காவுக்கு எட்டு மாதம் வீணானது ஜெர்மனியில் அன்று, இங்கேதான்! ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர். பள்ளிச் சான்றிதழில் அதையே வேறு எழுத்துக்கூட்டலில். கல்லூரிச் சான்றிதழில் முன்னெழுத்து பின்னால் போய்விட்டது. பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயராகி நிற்கிறது. நான்கும் ஒருத்திதான் என்று அந்நிய நாட்டு அதிகாரி எப்படி நம்புவார்? பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று அப்பா அலைந்தாராம். படித்த கல்லூரியோ பாடவாரியான மணிக்கணக்குப் பட்டியலைத் தர ஐந்து முறை வரவழைத்ததாம். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிந்த சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். இதற்கிடையில் மூலச் சான்றிதழ்களைக் கொடு என்று ஒரு முகவர் கேட்டிருக்கிறார். நல்லவேளை, அக்காவின் அம்மா கொடுக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கென 1978 முதல் சென்னையில் அரசு நிறுவனமே இயங்குகிறது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. முகவரின் சுவரொட்டிதான் கண்ணில் படுகிறது.

அக்கா போனபின் எங்கள் ஆதார் அட்டைகளையும் மதிப்பெண் சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நாற்பத்திரண்டு பேரில் பதினேழு பேருக்குப் பெயர் ஒத்துப்போகவில்லை! 'மேரி' என்பதையே மூன்று விதமாக எழுதியிருந்தார்கள்.

எங்கள் காலம் கடந்துவிட்டது. இனி நாங்கள் அலைந்துதான் திருத்த வேண்டும். நம் தங்கைகளுக்காவது, 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் அனுப்புமுன், பெற்றோரை அழைத்துப் பிறப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கும்படி தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஒரு சனிக்கிழமை போதும். பட்டியல் எழுத நாங்களும் வருகிறோம்.