ஒல்லியானவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டுமா?

போன மாதம் எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் சி.பி.ஆர். பயிற்சி. மாரடைப்பில் இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கும் முறை. நல்ல காரியம்தான். கடைசி வரியைப் படித்ததும்தான் சுருக்கென்றது: "18 முதல் 45 வயது வரை உள்ள, உடல் வலிமை கொண்ட ஆண்கள் கலந்துகொள்வது விரும்பத்தக்கது."

விடுவேனா? மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். எனக்கு 71 வயது. அவளுக்கு 66, எடை 44 கிலோ.

மேஜை மேல் ஒரு பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். என் மனைவி நாலு தடவை அழுத்தியிருப்பாள். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீங்க பார்த்தாலே போதும். இதுக்கெல்லாம் பலம் வேணும்" என்றார். பிறகு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் ஒரு தம்பியைக் கூப்பிட்டார். அவர் பொம்மையைப் போட்டு அமுக்கிய அமுக்கில் எல்லோரும் கை தட்டினார்கள். இவள் ஒன்றும் பேசாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து காப்பி கொடுக்கும்போதுதான் கேட்டாள்: "ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தத் தம்பியை நான் எங்க போய்த் தேடறது?"

நாலு வருடம் முன்பு எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பையன் வெளிநாட்டில். வீட்டில் நாங்கள் இருவர்தான். என் இதயம் நின்றால் என் மார்பில் விழப்போகும் முதல் கை அந்த 44 கிலோ கைதான். அந்தக் கையைத்தான் அவர் ஒதுங்கி நிற்கச் சொன்னார்.

பயிற்சியாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வயது வந்தவரின் மார்பு குறைந்தது 5 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒரு சராசரி மார்பை அந்த ஆழத்துக்கு இறக்க ஏறத்தாழ 40, 50 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஆளுக்கு ஆள் மார்பின் விறைப்பு மாறும். எடை குறைந்தவர்கள் அழுத்தும்போது ஆழம் குறைகிறது, சீக்கிரம் களைத்தும் போகிறார்கள் என்று பொம்மைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. "பலமே தேவையில்லை, குழந்தைகூடச் செய்யலாம்" என்று மேடையில் பேசுவதும் பொய்தான்.

ஆனால் அந்த உண்மையிலிருந்து எடுத்த முடிவு தவறு. அதைத்தான் எதிர்க்கிறேன்.

முதல் தவறு, பலம் என்றால் புஜம் என்று நினைப்பது. மார்பை அழுத்துவது கை வேலை இல்லை, இடுப்பு வேலை. நோயாளியைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒட்டி முழங்கால் போட்டு உட்கார வேண்டும். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மற்றொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. தோள்பட்டை கைகளுக்கு நேர் மேலே வரவேண்டும். பிறகு இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்தால் உடம்பின் எடையே இறங்கும். நம் அம்மாமார் உலக்கை போட்டதை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் பயில்வான்? மேஜை மேல் பொம்மையை வைத்தால், உயரம் குறைந்தவளுக்குத் தோள் எப்படிக் கைக்கு நேர் மேலே வரும்? வெறும் புஜத்தால் தள்ளத்தான் முடியும். ஆஸ்பத்திரியில்கூடக் குள்ளமானவர்கள் ஒரு படிக்கட்டை இழுத்துப் போட்டு ஏறி நின்றுதான் அழுத்துவார்கள். அவளைத் தோற்கடித்தது எடை மட்டுமில்லை, அந்த மேஜையும்தான்.

இரண்டாவது தவறு, பருத்தவர் அழுத்தினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. இரண்டு வருடம் முன்பு பக்கத்துப் பிளாக்கில் ஒரு நண்பர் விடியற்காலையில் சாய்ந்தார். அவர் மருமகன் 90 கிலோவுக்குக் குறையாத ஆள். கட்டிலிலேயே வைத்து அழுத்தினார். அழுத்த அழுத்த மெத்தைதான் இறங்கியது. 108 வண்டி வந்ததும் அதில் வந்தவர்கள் முதலில் செய்தது, அவரைத் தரைக்கு இறக்கியதுதான். அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை, அது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பலம் முழுக்க ஸ்பாஞ்சுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். கனமானவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலே வர விடாமல் அதன் மேலேயே சாய்ந்துவிடுவார்கள். மார்பு விரிந்தால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வரும். விடாமல் அமுக்கினால் எதை வெளியே தள்ளுவது?

மூன்றாவது தவறு, நாலு அழுத்தம் பார்த்து ஆளைத் தீர்மானிப்பது. நல்ல பயிற்சி உள்ளவருக்கே ஒரு நிமிடம் தாண்டினால் ஆழம் குறைய ஆரம்பிக்கும். அது அவருக்கே தெரியாது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும் என்று விதியே இருக்கிறது. மெலிந்தவர்கள் அதற்கும் முன்பே மாறலாம். ஆக, ஒரு வீட்டுக்கு, ஒரு மாடிக்கு எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு பயில்வானை மட்டும் தயார் செய்தால் மூன்றாவது நிமிடம் அவருக்குக் கை மாற்ற யார் இருக்கிறார்கள்?

நான் 34 வருடம் மின்வாரியத்தில் இருந்தவன். துணை மின்நிலையச் சுவர்களில் மின் அதிர்ச்சிக்கு முதலுதவி என்று ஒரு படம் தொங்கும். அப்போதிருந்த 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளின்படி மாட்டியே ஆகவேண்டியிருந்த படம். பழைய படங்களில் அடிபட்டவர் குப்புறப் படுத்திருப்பார், ஒருவர் முதுகை அமுக்குவார். மூச்சு வரவைக்கும் முறை அது. மார்பை அழுத்தி ரத்தத்தை ஓட்டலாம் என்று 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு எழுதியபோது, அதன் தலைவர் கோவென்ஹோவன் ஒரு மின் பொறியாளர்! மின்சாரம் தாக்கி இறக்கும் லைன்மேன்களைக் காப்பாற்ற வழி தேடித்தான் அவர் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது 74. எங்கள் அறிவிப்புப் பலகைப்படி பார்த்தால் அவரையே உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். எங்கும், யாரும், இரண்டு கைகளை வைத்துச் செய்யக்கூடியது என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரமே.

இதயம் நின்றபின் ஒன்றும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது மருத்துவ உலகின் கணக்கு. பெரும்பாலான இதயங்கள் நிற்பது வீட்டில்தான், கடைத்தெருவில் அல்ல. அங்கே பக்கத்தில் இருப்பது மனைவி, மருமகள், பேத்தி. 4 சென்டிமீட்டர் அழுத்தம் 5-க்குக் குறைவுதான். ஆனால் வெறுமனே கையைப் பிசைந்துகொண்டு நிற்பதன் ஆழம் பூஜ்யம்.

எங்கள் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொம்மையைத் தரையில் போடுங்கள். ஆழம் சரியானால் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும் பொம்மையாகக் கேளுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பார்க்கட்டும், கை மாற்றவும் பழகட்டும். முழங்கால் வலியால் குனிய முடியாதவர்கள் 108-க்கு போன் செய்யவும், எண்ணிக்கை சொல்லவும், கதவைத் திறந்து லிப்டைப் பிடித்து வைக்கவும் கற்கட்டும். யாரையும் "பார்த்தாலே போதும்" என்று அனுப்பாதீர்கள்.

செயலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்த செவிலியர் ஒருவர் அப்படியொரு பொம்மையோடு போன வாரம் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் பாயைப் போட்டு மனைவி உட்கார்ந்தாள். முதல் பத்தில் இரண்டுதான் 'டிக்'. தோளை நேராக்கி, இடுப்பிலிருந்து இறங்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் பத்துக்கு ஏழு வந்தது. ஒரு நிமிடம் தாண்டியதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. கதவைத் தட்டினால் ஓடிவர எதிர்வீட்டு அம்மாவும் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் எடை 50.

எனக்கு அந்த ஏழு போதும்.