ஒரே கறி, இரண்டு பந்தி



சென்ற மாதம் டோக்கியோவில் வேலை செய்கிற என் மகளின் வீட்டில் இரண்டு வாரம் தங்கித் திரும்பினேன் என்பதை நீங்கள் அறிவீர்கள். பயணத்தைக் குறித்து எழுதும்படி உங்களில் பலர் கேட்டீர்கள். கோவில்களையும் ரயில்களையும் குறித்து வேறொரு வாரம் எழுதுகிறேன். இன்று ஒரு மதிய உணவைக் குறித்து எழுத வேண்டியவனாயிருக்கிறேன். அது என்னைக் குற்றப்படுத்தியபடியால், முதலாவது அதை உங்களிடம் அறிக்கையிடுவதே முறை.

ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்திலுள்ள ஃபுட் கோர்ட்டுக்கு மகள் என்னை அழைத்துச் சென்றாள். சுற்றிலும் சிறிய கடைகள். நடுவே பொது மேசைகள். ஒரு கடையில் பணம் கட்டினோம். உள்ளங்கையளவு ஒரு கருவியைக் கையில் தந்தார்கள். உணவு தயாரானதும் அது அதிர்ந்து ஒலி எழுப்ப, எழுந்து சென்று தட்டைப் பெற்றுக்கொண்டோம். தட்டில் டொன்கட்சு இருந்தது. விரற்கடை கனமுள்ள பன்றி இறைச்சித் துண்டை மாவிலும் அடித்த முட்டையிலும் ரொட்டித் தூளிலும் புரட்டி, நிறைய எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, பத்தை பத்தையாக வெட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் மயிரிழைபோல் நறுக்கிய முட்டைக்கோஸ், சோறு, மிசோ சூப், சிறிது ஊறுகாய், காரமான கடுகுச் சாந்து. ரொட்டியை அவர்கள் 'பான்' என்கிறார்கள். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல் அது. யாழ்ப்பாணத்தார் 'பாண்' என்பதும் அதே சொல்தான்.

"அப்பா, இது பன்றி இறைச்சி, சாப்பிடுவீங்களா?" என்று மகள் கேட்டாள். "தேவன் படைத்ததுதானே" என்று சொல்லி, ஜெபித்து, ஒரு துண்டும் மீதியில்லாமல் உண்டேன். மிகவும் ருசியாயிருந்தது. அதைப் படமெடுத்து நம் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பினேன். பலர் மகிழ்ந்து பதில் போட்டீர்கள். நம் வாலிபர் ஒருவர் மாத்திரம் ஒரே வரி எழுதினார்: "ஐயா, இது எங்க வீட்டுக் கறிதானே?"

அவர் கேலியாக எழுதவில்லை. ஆயினும் அந்த வரியை வாசித்தபோது என் மனசாட்சி விழித்துக்கொண்டது.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் இறையியல் படிப்பை முடித்து முதல் சேகரத்தில் ஊழியம் செய்த காலம். ஊரின் கடைசித் தெருவில் ஒரு குடும்பத்தார் புது வீடு கட்டி, பிரதிஷ்டை ஜெபத்திற்கு என்னை அழைத்தார்கள். ஜெபம் முடிந்தபின் அந்த வீட்டுத் தாயார் இலை போட்டார்கள். பன்றிக் கறி சமைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது விருந்து. "வயிறு சரியில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு, கடையில் வாங்கி வந்த சோடாவை மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன். என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தாயாருக்கும் அது தெரியும். "சரிங்க ஐயா" என்றார்கள். அதன்பின் அந்த வீட்டிலிருந்து ஜெபத்திற்கு அழைப்பு வந்தது. சாப்பாட்டிற்கு அழைப்பு வரவே இல்லை. அவர்கள் இப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்திருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, டோக்கியோவில் நான் உண்டதும் அந்த வீட்டில் நான் மறுத்ததும் ஒரே இறைச்சி. அப்படியானால் நான் மறுத்தது எதை? சமைத்த கரங்களைத்தான். இதை வேறு வார்த்தைகளால் மூட எனக்கு இனி உரிமையில்லை.

ஜப்பானின் சரித்திரமும் இந்தக் காரியத்தில் நமக்கு ஒரு கண்ணாடியாக இருக்கிறது. கி.பி. 675-ல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் சில மாதங்களில் உண்ணலாகாதென்று கட்டளையிட்டார். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, புலால் தீட்டு என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. தீட்டு இறைச்சியோடு நிற்கவில்லை. விலங்குகளை அறுத்தவர்களும் தோல் பதனிட்டவர்களும் தீட்டானவர்களாக எண்ணப்பட்டுத் தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கப்பட்டார்கள். 1871-ல் அரசாங்கம் அந்த இழிநிலையைச் சட்டப்படி நீக்கியது. 1872-ன் தொடக்கத்தில் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்ட செய்தி நாடெங்கும் பரவியது. டோக்கியோவின் கின்சா பகுதியிலுள்ள ரெங்காதெய் என்னும் உணவகம் 1899-ல் பரிமாறத் தொடங்கிய பன்றி இறைச்சிப் பொரியலே டொன்கட்சுவின் முன்னோடி என்பார்கள். இன்று அது எளியவரும் செல்வரும் விரும்பி உண்ணும் உணவு. ஆனால் ஒதுக்கப்பட்ட அந்த மக்களின் சந்ததியார், புராகுமின் என்று அழைக்கப்பட்டு, திருமணத்திலும் வேலையிலும் நெடுங்காலம் புறக்கணிப்பை அனுபவித்தார்கள். அது இன்னும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. இறைச்சி பந்திக்கு வந்துவிட்டது. அதை அறுத்தவர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

நம்முடைய சபைகளில் நடப்பது வேறா? பட்டணத்து உணவகங்களில் நம் பிள்ளைகள் பேக்கன், சாஸேஜ் என்று கேட்டு வாங்கி உண்கிறார்கள். நாமும் உடனமர்ந்து உண்கிறோம். அதையே ஒரு சகோதரி தன் வீட்டு மண்சட்டியில் சமைத்தால் முகம் சுளிக்கிறோம். பேரும் விலையும் தட்டும் மாறியவுடன் தீட்டு எங்கே போயிற்று?

அப்போஸ்தலர் 10-ம் அதிகாரத்தை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். யோப்பாவில் பேதுரு கண்ட தரிசனம் உணவோடு முடிந்துவிடவில்லை. அதன் பொருளைப் பேதுருவே கொர்நேலியுவின் வீட்டில் நின்று சொல்லுகிறார்: எந்த மனுஷனையும் தீட்டுள்ளவனென்று எண்ணலாகாது என்பதையே தேவன் தமக்குக் காட்டினார் என்று. ஆயினும் அதே பேதுரு, கலாத்தியர் 2-ம் அதிகாரத்தின்படி, அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு பந்தியிருந்தவர், யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். அதை உணவுப் பழக்கம் என்று அவர் விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஒவ்வாத நடை என்றே கண்டார். தரிசனம் கண்டவரே தவறினார் என்றால், அதைப் பிரசங்கித்த நான் தவறியது வியப்பல்ல. ஆனால் அது எனக்குச் சாக்குமல்ல.

இதைச் சொல்லும்போது ஒரு காரியத்தைத் தெளிவாக்க விரும்புகிறேன். எல்லாரும் பன்றி இறைச்சி உண்ண வேண்டுமென்று நான் போதிக்கவில்லை. லேவியராகமம் 11-ம் அதிகாரத்தை முன்னிட்டு விலகுகிறவர்கள் நம்மில் உண்டு. மருத்துவர் சொன்னபடி விலகுகிறவர்களும் உண்டு. சிறுவயது முதல் பழகாதவர்களும் உண்டு. ரோமர் 14-ன்படி ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க நமக்கு இடமில்லை. மேலும், அன்பினிமித்தம் உணவை விடுவது மேன்மையான காரியம். முத்துக்குளித்துறையில் 1542-ல் ஊழியம் தொடங்கிய பிரான்சிஸ் சவேரியாரே 1549-ல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கியவர். அவருக்குப்பின் 1579-ல் அங்கே வந்த வலிஞானோ என்னும் இயேசு சபைக் குரு, ஜப்பானியர் இறைச்சியை அருவருப்பதைக் கண்டு, மிஷன் வீடுகளில் பன்றியும் ஆடும் வளர்க்கக் கூடாதென்று தம்மவருக்குக் கட்டளையிட்டார். தங்களுக்கு இன்பமான உணவை, அயலானுக்கு இடறலாகாதபடி விட்டார்கள். 1 கொரிந்தியர் 8-ல் பவுல் காட்டும் வழியும் அதுவே.

அவர்கள் விலகியது மக்களோடு பந்தியில் சேர்வதற்காக. நான் விலகியது மக்களிடமிருந்து பிரிந்திருப்பதற்காக. விலகல் ஒன்றுபோல் தோன்றலாம். நோக்கத்தை இருதயங்களை ஆராய்கிறவர் அறிவார். ஆகவே நீங்கள் ஒரு வீட்டில் ஓர் உணவை மறுக்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதையே வேறொருவர், வேறொரு மேசையில் வைத்தால் உண்பேனா? உண்பேன் என்றால், நான் மறுப்பது உணவை அல்ல. உண்ணமாட்டேன் என்றால், அந்த வீட்டிலேயே அமர்ந்து, அவர்கள் அடுப்பில் வெந்த சோற்றையும் ரசத்தையும் கேட்டு வாங்கி உண்ணுங்கள். அன்று எனக்கும் அந்த வழி திறந்திருந்தது. அதையும் நான் செய்யவில்லை.

அடுத்த மாதம் நம் சபையின் அசனம் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் சில குடும்பத்தார் சமைக்கிறார்கள். சில குடும்பத்தார் பாத்திரம் துலக்குகிறார்கள். யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் அறிந்திருக்கிறோம். இந்த ஆண்டு சமையலிலும் பரிமாறுவதிலும் எல்லாத் தெருக்காரரும் சேர்ந்து நிற்கும்படி சபைக் கமிட்டியாரை நான் கேட்டிருக்கிறேன். இது சிலருக்குச் சங்கடமாயிருக்கும் என்று அறிவேன். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுகிற நாம், ஒரே அண்டாவில் சோறாக்கத் தயங்குவோமானால், பீடத்தண்டை நாம் சொல்லும் ஆமென் யாரிடம் சேரும்?

அந்த வாலிபரோடு தொலைபேசியில் பேசினேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் அமைதியாயிருந்து, "அப்போ ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க ஐயா" என்றார். ஆராதனை முடிந்ததும் போகிறேன். உங்களில் வர விரும்புகிறவர்கள் என்னோடு வரலாம். இடம் இருக்கிறது என்று அவருடைய தாயார் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

ஜெபம்: ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்த ஆண்டவரே, நாங்கள் மறுத்த இலைகளுக்காக எங்களை மன்னியும். நீர் சேர்த்தவர்களை நாங்கள் பிரிக்காதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்