ஒரு ராத்திரிப் பிரயாண தூரம்

சென்ற செவ்வாய்க்கிழமை விளக்கு வைத்துவிட்டு வாசல் பக்கம் வந்தேன். எதிர் வீட்டு அம்மாள் கையில் ஒரு காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த களையும் முகத்தில் இல்லை. கைமாற்றுக் கேட்க வந்த தயக்கமும் இல்லை. பின்னாலேயே அவள் பெண்.

"மாமி, இவள் எம்.ஏ. முடித்துவிட்டாள். அத்தோடு விடமாட்டாளாம். சமூகவியலில் டாக்டர் பட்டம் வாங்க வேண்டுமாம். நன்றாகப் படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? எந்த ஊரில் படிப்பது என்பதில்தான் வீட்டில் தினமும் சண்டை. நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்."

காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். தென்னிந்தியப் படம். திருச்சியை நடுவில் வைத்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது. அதற்குள் சென்னை, புதுச்சேரி, சேலம், மதுரை, திருநெல்வேலி, பெங்களூர். ஐதராபாத் வட்டத்துக்கு வெளியே. டில்லி படத்திலேயே இல்லை.

"இது என்ன கணக்கு?" என்று கேட்டேன்.

"ராத்திரி ரயிலோ பஸ்ஸோ ஏறினால் காலையில் நம் வீட்டு வாசலில் வந்து இறங்க வேண்டும். அதுதான் எல்லை, மாமி" என்றாள் பெண்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தாயார் பக்கம் திரும்பி, "ஏன் அம்மா, படிக்கிற குழந்தையின் காலில் இப்படிக் கயிற்றைக் கட்டலாமா?" என்றேன்.

"நல்ல நியாயம்! கட்டினது நானா? டில்லிக்குப் போ, பெரிய இடமாகப் பார்த்துச் சேர் என்று கரடியாய்க் கத்துகிறேன். வட்டம் போட்டதே அவள்தான்! அவள் அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்ததே, அன்று பிடித்த பயம். பிள்ளை கனடாவில் இருக்கிறான். நாளைக்கு, 'உங்களால்தான் என் படிப்புப் பாழாயிற்று' என்று இவள் நினைக்கும்படி ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பயம்."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

சகோதரிகளே, இந்த வட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும். உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் இப்படி ஒரு வட்டம் இருக்கிறது. போட்டவர் தகப்பனாராக இருக்கலாம், கணவராக இருக்கலாம், பள்ளிக்கூடம் போகும் குழந்தையாக இருக்கலாம், நாமே போட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் வட்டம் போட்டதோடு தேர்ந்தெடுக்கும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அங்கேதான் மோசம் போகிறோம்.

என் தங்கை பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம் என்பதற்காகவே ஓர் இடத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்த்தோம். இடத்தின் பெயர் வேண்டாம். வழிகாட்டும் பேராசிரியர் - 'கைடு' என்கிறார்களே, அவர் - தங்கமான மனிதர். ஆனால் அவர் படித்த விஷயம் வேறு, இவள் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. இரண்டாம் வருஷம் அவர் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக வந்தவர் தலைப்பையே மாற்றச் சொன்னார். மூன்று வருஷம் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இன்றும் என் தங்கை வீட்டுப் பரணில் இருக்கின்றன. பட்டம் வரவில்லை. பஸ் எவ்வளவு நேரம் என்று விசாரித்த நாங்கள், கைடுக்கு இன்னும் எத்தனை வருஷ வேலை பாக்கி என்று விசாரிக்கவில்லை!

ஆகவே அந்தப் பெண்ணிடம் நான் முதலில் கேட்டது ஊரைப் பற்றி அல்ல. "உன் மனசில் இருக்கிற கேள்வி என்ன?" என்று கேட்டேன்.

"பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் தனியாக இருக்கும் அப்பா அம்மாக்களைப் பற்றி, மாமி. ஸ்ரீரங்கத்தில் எத்தனை அடுக்கு வீடுகளில் இரண்டே பேர் இருக்கிறார்கள் பார்த்தீர்களா? அவர்களுக்கு உடம்புக்கு வந்தால் யார் வருகிறார்கள், கடைக்கு யார் போகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்."

கேட்டதும் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. சமூகவியலுக்கு ஆராய்ச்சிக் கூடம் நாம் வசிக்கிற தெருவேதான். ஆராய்ச்சி செய்யும் இடமும் பதிவு செய்துகொள்ளும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்தப் படிப்பின் பெரியவர்களையே பாருங்கள். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை ஏற்பட்டது 1919-ல். மைசூரில் பிறந்த எம். என். சீனிவாஸ் அங்கே போய் ஜி. எஸ். குர்யேயிடம் பயின்றார். படித்தது பம்பாயில், ஆராய்ந்ததோ, தம் ஊருக்குப் பக்கத்திலுள்ள குடகு மக்களை! ஆந்திரே பெத்தேய் இதற்கு நேர் மாறு. வங்காளத்தில் பிறந்து டில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், 1961-62-ல் நம் தஞ்சாவூர் ஜில்லாவிலுள்ள ஒரு கிராமத்துக்கு வந்து தங்கினார். அங்கே பார்த்ததை வைத்து எழுதிய சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய புத்தகம் 1965-ல் வெளிவந்தது. அதை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒருவருக்குக் களம் பக்கம், மற்றவருக்குத் தூரம். இருவருக்கும் பொதுவாக இருந்தது தெளிவான ஒரு கேள்வி.

அந்தக் காலத்தில் இந்தத் துறை இருந்த ஊர்களே கொஞ்சம். இப்போது அப்படி இல்லை. இந்தப் பெண்ணின் வட்டத்துக்குள்ளேயே திருச்சி பாரதிதாசன், சேலம் பெரியார், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார், புதுச்சேரி ஆகிய பல்கலைக்கழகங்களில் சமூகவியல் துறை இருக்கிறது. வேறு பெயர்ப் பலகை மாட்டிய இடங்களும் உண்டு. சென்னை அடையாறில், 1971-ல் மால்கம் ஆதிசேஷையா ஆரம்பித்த வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, சென்னை ஐ.ஐ.டி.யின் மானிடவியல், சமூக அறிவியல் துறை மற்றொன்று. பெங்களூரில் 1972-ல் தொடங்கிய சமூக, பொருளாதார மாற்ற ஆராய்ச்சி நிறுவனம் இன்னொன்று. சமூகவியல் என்று வாசலில் எழுதியிருந்தால்தான் உள்ளே போவேன் என்றிருந்தால் இவை கண்ணில் படாது. ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம், பட்டத்தில் என்ன பாடத்தின் பெயர் வரும்? பின்னால் கல்லூரி வேலைக்கு மனுப் போடும்போது அது முக்கியம்.

ஊர்களைத் தெரிந்துகொண்டாயிற்று. இனி மனிதர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஷோத்கங்கா' என்று ஓர் இணையக் களஞ்சியம் இருக்கிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்ற ஆராய்ச்சி நூல்களைக் காசில்லாமல் அதில் படிக்கலாம். ஒவ்வொன்றிலும் கைடின் பெயரும் வருஷமும் இருக்கும். முதுமை, குடும்பம் என்ற விஷயங்களில் யார் யார் வழிகாட்டியிருக்கிறார்கள், அண்மையில் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தால் போதும். அதற்குப் பிறகு அவர்களிடம் படிக்கும் பெண்கள் இரண்டு பேரிடம் போனில் பேச வேண்டும். "எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தருகிறார்?" இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகளும் நமக்குத் துணையாக இருக்கின்றன. ஓய்வு பெற மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருக்கும் பேராசிரியர் புது மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. இதைப் படித்தபோது என் தங்கை பெண்ணை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். ஒரு பேராசிரியரிடம் ஒரே சமயத்தில் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6 பேர், உதவிப் பேராசிரியரிடம் 4 பேர்தான் இருக்கலாம். ஆகவே எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், "இடம் காலி உண்டா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

படிப்புக்குக் குறைந்தது மூன்று வருஷம். ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்துகொண்டால் இன்னும் இரண்டு வருஷம் கிடைக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷச் சலுகை தரலாம். பிரசவத்துக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் மொத்தம் 240 நாள் வரை விடுமுறை. கல்யாணமாகியோ வேறு காரணத்தாலோ பெண் ஊர் மாறிப் போனால், அதுவரை சேர்த்த ஆராய்ச்சி விவரங்களைப் புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. பழைய இடத்துக்கும் கைடுக்கும் உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சி வேறு யாரோ பணம் கொடுத்து நடத்தும் திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. "கல்யாணம் ஆனால் எல்லாம் வீண்தானே?" என்று கேட்கும் மாமியார்களுக்கும் தாயார்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பண விஷயத்தையும் ஒளிக்காமல் பேசிவிட வேண்டும். 'நெட்' பரீட்சையில் மேல் வரிசையில் தேறி ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் ரூ. 37,000, பிறகு ரூ. 42,000 உபகாரச் சம்பளம். அது கையில் இருந்தால் வட்டத்தின் அளவே மாறிவிடும். விடுதிக்கும் ரயிலுக்கும் அப்பாவின் பென்ஷனைத் தொட வேண்டாம். அவசரம் என்றால் விமானத்தில்கூட வந்து நிற்கலாம். அது கிடைக்காதவர்கள், சேரும் இடத்தில் வேறு என்ன உதவித் தொகை உண்டு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருவதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவையும் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஊர்ப் படம் இல்லை. மூன்று பேராசிரியர்களின் பெயர்களை எழுதி, எதிரே ஊர் குறித்திருந்தாள். இரண்டு வட்டத்துக்குள்ளே. மூன்றாவது ஐதராபாத்.

"இது எப்படி வந்தது?" என்றேன்.

"எனக்கு வேண்டியதை அப்படியே எழுதியிருப்பவர் அவர்தான், மாமி. ஆனால் அங்கே போகப் போவதில்லை. சும்மா எழுதி வைத்தேன்."

"அப்பா என்ன சொல்கிறார்?"

அவள் விழித்தாள். "அப்பாவைக் கேட்கவில்லையே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயார் ஒரு பக்கம் பயந்தாள். பெண் ஒரு பக்கம் பயந்தாள். யாருக்காகப் பயந்தார்களோ, அவரை இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு வீடாகப் போய் வயதான பெற்றோர்களைக் கேள்வி கேட்கப் போகிறவள், முதல் கேள்வியைத் தன் வீட்டுச் சாய்வு நாற்காலியிடம் கேட்டிருக்க வேண்டாமா?

அன்று ராத்திரியே கேட்டிருக்கிறாள். மறுநாள் வந்து சொன்னாள்: "அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, 'தினம் ராத்திரி எட்டு மணிக்குப் பேசு. பத்து நிமிஷம் போதும். மற்றபடி எந்த ஊராக இருந்தால் என்ன?' என்றார், மாமி." சொல்லும்போதே குரல் தழுதழுத்தது.

மூன்று பேருக்கும் கடிதம் போட்டிருக்கிறாள். யாரிடமிருந்து முதலில் பதில் வருகிறதோ தெரியாது. அவள் எங்கே சேர்ந்தாலும் சரி, இப்போது அது அவளாகத் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

உங்கள் வீட்டிலும் வட்டம் போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பென்சிலால் போடுங்கள். யாருக்காகப் போடுகிறீர்களோ, அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள்.