ஆம்ப்ளிஃபயரின் முனகல்

மலிவு விலைக்கு வாங்கிய மிக்ஸர் ஆம்ப்ளிஃபயர், பாட்டுக்கு முன்பே தானாகச் சுருதி கூட்டத் தொடங்கினால், அதைக் குப்பையில் எறிய வேண்டுமென்பதில்லை. குரலைக் கொண்டே வியாதியைப் பெரும்பாலும் அறியலாம் என்பது நமது அபிப்பிராயம்.

குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. பெட்டியைத் தட்டினால் பாடி, மறுபடி தட்டினால் மௌனம் சாதித்தால், எங்கோ ஈயப்பற்று விட்டிருக்கிறது. ஒலியை முழுதும் தணித்த பின்னும் ஸ்பீக்கர் இடைவிடாது முனகினால், மின்சாரத்தைச் சமனப்படுத்தும் பெரிய கண்டென்ஸர்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டிகளில் அதை ஒருதிசை மின்சாரமாக்கும்போது மிஞ்சும் 100 முறைத் துடிப்பே அம்முனகல். கண்டென்ஸரின் உச்சி உப்பியிருந்தால் ஐயமேயில்லை. அதே மைக்ரோபாரட் அளவும், குறையாத வோல்ட் அளவும் உள்ள புதியதை வைத்துப் பற்றவைக்க வேண்டும். பிளஸ், மைனஸ் முனைகள் மாறினால் அது வெடிக்கும்.

ஆனால், பிளக்கைப் பிடுங்கியவுடன் உள்ளே கை வைப்பது பேதைமை. மின்சாரம் நின்ற பிறகும் கண்டென்ஸர் தன்னிடமுள்ளதை எளிதில் விட்டுக்கொடாது. தக்க ரெஸிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே தொடலாம். பியூஸ் எரிந்தால் தடித்த கம்பியை முறுக்கி வைக்கும் சாமர்த்தியமும் வேண்டாம். பெட்டி பிழைப்பது நல்லதுதான். அதைத் திறந்தவர் பிழைப்பது அதனினும் முக்கியம்.