வாசல் பலவாகட்டும், முத்திரை வேண்டாம்

'எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி அறிவு கிடையாது, பிள்ளைக்கு ஏத்த மாதிரி பாடம் நடத்தணும்' என்று ஆசிரியர் பயிற்சிகளில் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் தோழர்களே, யார், எந்தப் பிள்ளையைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும். அறிவை வகை பிரிக்கும் வேலையை இந்த நாட்டில் சாதி எப்போதோ முடித்துவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர், அறிவு ஒன்றல்ல, ஏழு என்று 1983இல் எழுதினார். மொழி, கணக்கு, இசை, உடல், இட உணர்வு, பிறரைப் புரிதல், தன்னைப் புரிதல். இயற்கையை அறியும் அறிவைப் பிறகு சேர்த்தார். மனப்பாடமும் மதிப்பெண்ணும்தான் அறிவு என்ற திமிரை இது அசைத்தது. அந்த மட்டில் நமக்கு உதவும். ஆனால் 1990களில் ஆஸ்திரேலியாவில், எந்த இனத்துக்கு எந்த அறிவு உண்டு என்று இதை வைத்தே பட்டியல் போட்டார்கள். கார்ட்னரே தொலைக்காட்சியில் அதைக் கண்டித்தார்.

அங்கே இனம், இங்கே சாதி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன சொன்னது? கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் 3 மணி நேரம், மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் முதல்வரான விருதுநகர்க்காரர் காமராசர் அதைக் கைவிட்டார். அதற்கும் முன்னால், பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். அவருக்கு என்ன அறிவு இருக்கிறது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பிறப்பைப் பார்த்தார்கள், முடிந்தது.

இன்றைக்கு அது இனிப்புத் தடவி வருகிறது. 'இவனுக்குக் கணக்கு ஏறாது சார், கைவேலைன்னா நல்லா செய்வான்.' ஆண்டு விழாவில் பறையடிக்கச் சேரிப் பிள்ளை, கணக்குப் போட்டிக்கு வேறு பிள்ளை. கேட்டால் 'அவனுக்குத் தாளம் பிறவியிலேயே வரும்' என்பார்கள். பாராட்டு மாதிரி இருக்கும். கதவைச் சாத்துகிற சத்தம் அது.

அப்படியானால் பழைய மனப்பாடமே போதுமா? இல்லவே இல்லை. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஒரு அங்குலத்துக்குப் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை என்று எண்ணினால் பெருக்கலும் பரப்பளவும் கைக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் விகிதம் இருக்கிறது: 10 லிட்டர் பால் சுண்டி எத்தனை கிலோ ஆகிறது? செண்பகத்தோப்புக் காட்டில் உயிரியல் இருக்கிறது. பறையின் அடியில் பின்னம் இருக்கிறது. இவற்றை வகுப்புக்குள் கொண்டுவரணும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் கொண்டுவரணும். ஊர்ப் பிள்ளையும் பறையை எடுத்து அடியை எண்ணட்டும். நம்ம பிள்ளை அந்த எண்ணிக்கையிலிருந்து இயற்கணிதத்துக்குப் போகட்டும். பறையோடு நிறுத்திவிட்டால் அதுவும் குலக்கல்விதான்.

ஆய்வும் இதற்குத்தான் துணை நிற்கிறது. 'கண்ணால் படிக்கிறவன், காதால் படிக்கிறவன்' என்று பிரித்து அந்தந்த வழியில் மட்டும் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் உளவியலாளர்கள் தொகுத்துச் சொன்னார்கள். தன் கொள்கை அதுவல்ல என்று கார்ட்னரும் மறுத்திருக்கிறார். ஒரே பாடத்தைப் பல வழிகளில் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்பதே அவர் தரும் யோசனை.

இதைச் செய்யத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்கு முடியும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், வாத்தியாரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார், கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். யார் கையில் விளக்குமாறு இருக்கிறது, யார் கையில் சோதனைக் குழாய் இருக்கிறது? பத்தாவது முடித்ததும் தொழிற்பிரிவுக்கு யாரைத் தள்ளுகிறார்கள், கணக்கு-அறிவியல் பிரிவில் யாரை உட்கார வைக்கிறார்கள்? பெயர் பெயராக எழுதிக்கொண்டு தலைமையாசிரியரிடம் கேளுங்கள். 'பிள்ளையின் அறிவு வகை அப்படி' என்று பதில் வந்தால், அந்த வகையைப் பிரித்தது யார் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.