மண்ணீரலையும் தொட்டுப் பாருங்கள்

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் 25 வயது இளைஞர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நடந்தே வரக்கூடும். ரத்த அழுத்தம் 110/70. ஹீமோகுளோபின் 13. லேசான தலைசுற்றல்தான் என்பார். டாக்டர் அசட்டையாக இருந்தால் வாயுத் தொல்லைக்கு ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகிய பகுதிகளில் திடீரென ஏற்படும் ரத்தக் கசிவைக் கண்டுபிடிக்கும்போது இளமையே கண்ணை மறைத்துவிடுகிறது.

உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் 15 சதவிகிதம், அதாவது முக்கால் லிட்டர்வரை போனாலும் இளம் உடல் பெரிதாக எதையும் காட்டிக்கொள்ளாது. அதற்கு மேல் போனால் நாடி வேகமெடுக்கும்; ரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். 30 சதவிகிதத்தைத் தாண்டும்போதுதான் ரத்த அழுத்தம் சரியும். ஹீமோகுளோபின் இன்னும் மோசமான சாட்சி. குழம்பில் பாதியைக் கொட்டிவிட்டாலும் மீதியின் காரம் குறையாது, தண்ணீர் ஊற்றினால்தான் குறையும். திசுக்களிலிருந்து நீர் வந்து ரத்தம் நீர்க்கப் பல மணி நேரமாகும்.

ஆகவே முதலில் நாடி. 100ஐத் தாண்டுகிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து மலத்தின் நிறம். கேட்க டாக்டருக்கு நேரமில்லை. சொல்ல நோயாளிக்கு, அதிலும் இளம்பெண்ணுக்கு, கூச்சம். தாரைப்போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றமடித்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இராது. கிரியாட்டினின் சரியாக இருந்து யூரியா மட்டும் ஏறியிருந்தாலும் உஷாராக வேண்டும்: குடலில் இறங்கிய ரத்தம் புரத உணவைப்போலவே செரிக்கப்படுகிறது.

கசிவு எங்கே என்பதைப் பெரும்பாலும் கேள்விகளே சொல்லிவிடும். "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் இல்லை என்பவர், "வலி மாத்திரை?" என்றால் தலையாட்டுவார். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக்கை யாரும் மருந்தாக மதிப்பதில்லை! அதுவும், ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் அல்சருக்கு முக்கியக் காரணங்கள். குடித்துவிட்டுக் குமட்டிக் குமட்டி வாந்தியெடுத்து, கடைசியில் ரத்தம் வந்தால் உணவுக்குழாயின் அடியில் கிழிசல் இருக்கலாம். மல்லோரியும் வீஸும் 1929இல் விவரித்த இது பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

இந்தியாவில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மதுவே தொடாத, கல்லீரல் கெடாத இளைஞர் திடீரென ஏராளமாக ரத்த வாந்தி எடுத்தால், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை அடைபட்டாலோ, அதன் கிளைகள் தடித்துச் சுருங்கினாலோ, உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடிக்கும். மேலை நாடுகளில் அபூர்வமான இந்தக் கோளாறு இங்கே அபூர்வமல்ல. மண்ணீரல் தட்டுப்பட்டால், சிரை அழுத்தத்தைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைட் போன்ற மருந்தை எண்டோஸ்கோப்பிக்குக் காத்திராமல் தொடங்கிவிடலாம். செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் அவசரத்தில் பலரும் தவறவிடுகிறார்கள்.

உறுதிப்படுத்துவது எண்டோஸ்கோப்பிதான். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் செய்தால் போதும். மருத்துவ ஆலோசனை கிடைத்த 6 மணி நேரத்துக்குள் அவசரமாகச் செய்வதால் உயிரிழப்பு குறையவில்லை என்று 2020இல் வெளியான ஹாங்காங் ஆய்வு காட்டியது. அதிர்ச்சி நிலையிலிருந்து மீளாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மற்றவர்கள் விஷயத்தில், எண்டோஸ்கோப்பி வசதியில்லாத சிறு மருத்துவமனைக்கு இரண்டு கைகளிலும் தடித்த ஊசியேற்றி, ரத்த வகை பார்த்து, திரவம் செலுத்தி, ஆம்புலன்ஸில் பெரிய ஊருக்கு அனுப்ப அவகாசம் இருக்கிறது.