பழைய மெட்டல் டிடெக்டர்: புது மாடல் வந்ததும் அது குப்பையா?

2009 ஜூலை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில், உழுது போட்டிருந்த ஒரு விவசாயியின் நிலத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்கினார் டெர்ரி ஹெர்பர்ட். கையில் இருந்த மெட்டல் டிடெக்டருக்கு வயது 14. வீட்டில் வேண்டாத சாமான்களைக் கார் டிக்கியில் வைத்து விற்பார்களே, அப்படி ஒரு சந்தையில் இரண்டரை பவுண்டுக்கு வாங்கியது என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தக் கருவி காட்டிக்கொடுத்தது ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் புதையல் ஒன்றை. தங்கம் மட்டும் பல கிலோ. மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. நில உரிமையாளருக்குப் பாதி, ஹெர்பர்ட்டுக்குப் பாதி.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வார இறுதியானால் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல், கடற்கரை என்று அலைவது பலருக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொரு முறை புது மாடல் வரும்போதும் 'என் பழசு இனி எதுக்கு?' என்ற புலம்பல் கிளம்பும். உடனே யாராவது ஹெர்பர்ட் கதையை எடுத்து விடுவார்கள். கதை உண்மைதான், ஆனால் வாதமாக அது செல்லாது. அந்தத் தங்கம் ஏர் கிளறிய மேல்மண்ணிலேயே சிதறிக் கிடந்தது. அங்கே எந்த டிடெக்டரை நீட்டியிருந்தாலும் கத்தியிருக்கும். பழசா, புதுசா என்பதற்கான பதில் கருவி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

ஆழம் என்ற ஆசை

டிடெக்டரின் அடியில் வட்டத் தட்டு மாதிரி இருப்பது காயில். அதில் ஓடும் மின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. வழியில் நாணயம் கிடந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது பதிலுக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். தட்டுக்குள் இருக்கும் இன்னொரு கம்பிச்சுருள் அதைப் பிடித்ததும் 'பீப்'.

சிக்கல் எங்கே என்றால், காயிலின் அளவைவிட ஆழம் அதிகமாகிவிட்டால் இந்தப் புலம் மளமளவென்று தேய்ந்துவிடும். தூரம் இரட்டிப்பானால் போகிற புலம் எட்டில் ஒரு பங்காகும். திரும்பி வருவதும் எட்டில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து சிக்னல் 64-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. வெறும் 10 சதவீதம் கூடுதல் ஆழத்துக்கே கருவி முக்கால் மடங்குக்கும் மேல் கூடுதல் திறமை காட்ட வேண்டும். இது இயற்பியல், எந்த கம்பெனியாலும் இதைத் தள்ளுபடி செய்ய முடியாது. 'இன்னும் ஆழமாக' என்ற விளம்பர வரிக்காக மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துப் புதுசு வாங்குவது வீண் செலவு. பழைய கருவிக்கே பெரிய காயில் ஒன்று மாட்டினால், சுத்தமான நிலத்தில் சில அங்குலம் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்புண்டு. அதற்கு ஆகும் செலவும் குறைவு.

அப்போ புதுசில் என்னதான் இருக்கு?

இருக்கிறது. முதலில், ஆணிக் குவியல். நூறு வருடப் பழைய வீடு இருந்து இடிந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். மண் முழுக்கத் துருப்பிடித்த ஆணி. நடுவில் ஒரு வெள்ளிக் காசு. பழைய டிடெக்டர் ஆணியைப் பார்த்து 'இரும்பு, வேண்டாம்' என்று வாயை மூடிக்கொண்டால், அது மறுபடி காது கொடுப்பதற்குள் காயில் காசைக் கடந்து போயிருக்கும். புதிய கருவிகளின் பிராசஸர் இந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆணிக்கும் காசுக்கும் தனித்தனியாகச் சத்தம் கொடுக்கும். 'இங்கே எல்லாம் தேடி முடிச்சாச்சு' என்று பத்து வருடங்களுக்கு முன் கைவிட்ட இடங்களில் மறுபடி காசு கிடைப்பதற்கு ஆழத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

அடுத்தது கடற்கரை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஈர மணலில் ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் பழைய கருவி சும்மாவே கத்திக்கொண்டிருக்கும். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவியால் உப்பின் சத்தத்தையும் மண்ணின் சத்தத்தையும் கழித்துவிட முடியும். ஆனால் இதுவும் அப்படியொன்றும் புதுசு இல்லை. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் கம்பெனி 1990-களின் தொடக்கத்திலேயே சாவரின் என்ற பல அதிர்வெண் கருவியைக் கொண்டுவந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு இன்றைக்கும் கடற்கரையில் மோதிரம் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது எடை. அதே கம்பெனியின் சிடிஎக்ஸ் 3030 சுமார் 2.4 கிலோ. பிரான்ஸின் எக்ஸ்பி கம்பெனி 2021-ல் கொண்டுவந்த டியூஸ் 2 ஒரு கிலோவுக்கும் கீழே. நாலு மணி நேரம் ஒரே கையால் வீசிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும். தோள்பட்டை வலி உள்ள 60 வயதுக்காரர் புதுசு வாங்க இது ஒன்றே நியாயமான காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'பழசு' என்றால் எவ்வளவு பழசு? இருபது வருடத்துக் கருவியிலிருந்து இன்றைய கருவிக்குத் தாவுவது உண்மையான தாவல். போன மாடலிலிருந்து இந்த மாடலுக்குப் போவது பெரும்பாலும் ஷோரூம் பளபளப்பு. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800, 900 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் தாங்கும் ஆழம் 3 மீட்டரிலிருந்து 5 மீட்டராகியிருக்கிறது. உலோகத்தை அடையாளம் காட்டும் எண்கள் 50-லிருந்து 119-ஆகக் கூடியிருக்கின்றன. தண்டு கார்பன் ஃபைபருக்கு மாறியிருக்கிறது. உள்ளே ஓடும் அடிப்படைத் தொழில்நுட்பத்துக்கு இரண்டிலும் ஒரே பெயர். 800 வைத்திருப்பவர் நேற்று எடுத்த காசை இன்றைக்கும் எடுப்பார்.

கருவியைப் பிடித்திருக்கும் கை

1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் ஒரு டிடெக்டர் செய்துகொண்டு வந்தார். கருவி வேலை செய்யும் கருவிதான். ஆனால் அதிபர் படுத்திருந்த மெத்தையில் இரும்பு ஸ்பிரிங். போதாக்குறைக்கு, தலைமை மருத்துவர் வலது பக்கம்தான் தேட விட்டார். குண்டு இருந்தது இடது பக்கம்.

140 வருடம் கழித்தும் கதை மாறவில்லை. டிடெக்டரின் சத்தம் ஒரு பாஷை மாதிரி. எந்தச் சத்தம் சோடா மூடி, எந்தச் சத்தம் சாய்ந்து கிடக்கும் காசு என்று காது பழக ஒரு சீசனாவது ஆகும். ஐந்து வருடம் பழகிய கருவியை விற்றுவிட்டுப் புதுசு வாங்குபவர், முதல் சில மாதங்கள் முன்பைவிடக் குறைவாகத்தான் எடுப்பார். இந்த இழப்பை யாரும் விலைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

பழசு நிஜமாகவே சாகும் இடம்

ஸ்பேர் பார்ட்ஸ் நின்றுபோகும்போதுதான். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் பல பத்தாண்டுகள் டிடெக்டர் தயாரித்த ஒயிட்ஸ் எலக்ட்ரானிக்ஸ் 2020-ல் மூடப்பட்டது. அதன் வடிவமைப்பு உரிமைகளை காரெட் கம்பெனி வாங்கிக்கொண்டது. ஆனாலும் கருவியைச் செய்த தொழிற்சாலைக்கே அனுப்பிச் சரிசெய்யும் வசதி போய்விட்டது. நன்றாக ஓடும் வரை கவலை இல்லை. காயில் போனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில்தான் துழாவ வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் நிலைமை தலைகீழ். காரெட் ஏஸ் 250 மாதிரியான பழைய கருவிக்கு நாலு ஏஏ பேட்டரி போதும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். புதிய வயர்லெஸ் கருவிகளில் காயிலுக்குள்ளேயே லித்தியம் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. நம் பழைய போனுக்கு என்ன ஆனதோ, அதுதான் அதற்கும் ஆகும். இன்று 'பழசு' என்று ஒதுக்கப்படும் கருவி, இன்று வாங்கும் புதுசைவிட அதிக நாள் உழைத்தாலும் ஆச்சரியமில்லை.

இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போட நினைக்கும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தகவல். இந்தியப் புதையல் சட்டம் 1878-ஆம் ஆண்டினது. மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். சட்டம் பழைய மாடல்தான், ஆனால் அமலில் இருக்கிறது.

ஆணி நிறைந்த பழைய குடியிருப்புகளிலும் ஈர மணலிலும் தேடுபவர் ஒற்றை அதிர்வெண் கருவியை மாற்றலாம், பணம் வீணாகாது. வயல், பூங்கா, காய்ந்த மணல் என்று சுற்றுபவர் அதே காசில் சின்ன காயில் ஒன்றும் நல்ல பின்பாயிண்டரும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் புது இடங்களுக்குப் போகும் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாக இறங்குபவர் புது மாடல் வெளியாகும் வரை காத்திருப்பது நல்லது. அந்த வாரம்தான் பலர் போன மாடலைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.